கண்மாய்த் தூண்டில்: மாதம், மடை, முள்

மதுரை, சிவகங்கைப் பக்கத்துச் சின்னக் கண்மாய்களுக்கான குறிப்பு இது. ஐந்திலிருந்து இருபது ஹெக்டேர் நீர்ப்பரப்பு, ஒரு பக்கம் மண்கரை, இரண்டு மூன்று மடை, மிஞ்சிய நீர் வழிந்தோடும் ஒரு கலுங்கு, எதிர்ப்பக்கம் கருவேலங்காடு. வைகை அணைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அணையில் மீனைத் தேடி அலைய வேண்டும். கண்மாயில் மீன் நிற்கும் இடங்கள் மொத்தமே நாலைந்துதான். அவை எவை என்று தெரியாமல் போகிறவர்கள்தான் நிழல் இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, மாலையில் வெறும் பையோடு திரும்புகிறார்கள்.

எந்த மாதம்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை கண்மாயை நிரப்பும். அந்த மூன்று மாதமும் தூண்டிலுக்கு அவ்வளவு நல்லதில்லை. தண்ணீர் செம்மண் கலங்கலாக இருக்கும்; மீன் பரப்பு முழுவதும் சிதறி, புதுத்தண்ணீரை எதிர்த்து வரத்துக்கால் பக்கம் ஏறிக்கொண்டிருக்கும். பொங்கல் கழிந்தபிறகு கலங்கல் தெளியும், பாசி எழும்பும், பாசனத்துக்கு மடை திறப்பதால் நீர் மெல்ல இறங்கும். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் முடியும்வரை உள்ள இரண்டு மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் சுருங்கி மீன் நெருக்கமாகிவிடும், அப்போது போனால் அள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். கண்மாய் மீன் குத்தகை பசலி ஆண்டுக் கணக்கில் ஓடுகிறது; பசலி ஜூலை 1-இல் பிறந்து ஜூன் 30-இல் முடியும். குத்தகைக்காரர் போட்ட முதலை எடுக்க வேண்டியது அந்தக் கோடை மாதங்களில்தான். வலையோடும் காவலோடும் நிற்கிற நேரத்தில் கம்போடு போய் நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? அறுவடை முடிந்த கண்மாயில் ஊர் கூடி மீன்பிடித் திருவிழா வைத்தால் அது வேறு கதை. அங்கே ஊத்தாக் கூடையும் கச்சா வலையும்தான் ஆட்சி, தூண்டிலுக்கு வேலையில்லை.

யாரைக் கேட்பது

சிறு கண்மாய் என்றால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஆயக்கட்டு, அதாவது அதிலிருந்து பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் போனால் நீர்வளத்துறை. மீன்பாசி ஏலம், அதாவது மீன்பிடி உரிமைக்கான ஏலம், யார் பெயரில் நின்றது என்பதை அலுவலகத்தைவிட ஊர் டீக்கடை விரைவாகச் சொல்லிவிடும். குத்தகைக்காரரை ஒரு வாரம் முன்பே நேரில் பாருங்கள். கேட்கும் விதம் முக்கியம். "அண்ணே, ரெண்டு கம்புதான், காலைல ஒம்பதரைக்கெல்லாம் கெளம்பிருவோம். ஜிலேபி மட்டும் எடுத்துக்கிறோம், கெண்டை விழுந்தா திருப்பி விட்டுர்றோம்" என்று சொன்னால் வேலை நடக்கும். காரணம் இருக்கிறது. அவர் காசு கொடுத்து வாங்கி விட்டது கட்லா, ரோகு, மிர்கால் என்ற கெண்டைக் குஞ்சுகளை. ஜிலேபி (திலேப்பியா மீன்) தானாகப் பெருகி அவற்றின் இரையைத் தின்கிறது. அது குறைவதில் அவருக்கும் நட்டமில்லை. விராலும் குஞ்சுகளைத் தின்னும், ஆனால் சந்தையில் விலை போகும் மீன் அதுதான், ஆகவே விராலைப் பற்றித் தனியாகக் கேட்டு, பங்கோ விலையோ பேசிக்கொள்வது நல்லது.

கேட்டும் பயனில்லாத இடங்கள் உண்டு. கோயில் தெப்பக்குளம் அதில் ஒன்று. பறவைகள் சரணாலயமாக உள்ள கண்மாய்கள் இன்னொன்று: சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி, ராமநாதபுரம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம். வனத்துறைப் பலகை இருந்தால் வண்டியைத் திருப்ப வேண்டியதுதான். வெடி, விஷம் வைத்து மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. அப்படி யாராவது செய்கிற கண்மாயில் கம்பு போடவும் வேண்டாம், அந்த மீனைத் தின்னவும் வேண்டாம்.

வீட்டிலிருந்தே கண்மாயைப் பார்ப்பது

கைப்பேசி வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். அது எந்தக் கோடையில் எடுத்ததோ. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்கள் இலவசம். ஐந்து நாளுக்கு ஒருமுறை புதுப்படம், 10 மீட்டர் அளவுக்கு விவரம் தெரியும். கோப்பர்நிக்கஸ் தளத்தில் போன வாரப் படத்தையும் போன மே மாதப் படத்தையும் அருகருகே வையுங்கள். மே மாதத்தில் கடைசியாக மிஞ்சிய நீர்த்திட்டு எங்கே இருந்ததோ அதுதான் ஆழம். இப்போது தண்ணீருக்குள் மறைந்திருந்தாலும் இடம் மாறாது.

கண்மாய் ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்த தாம்பாளம் மாதிரி. ஆழம் கரைப்பக்கம், எதிர்ப்பக்கமான உள்வாய்க்குப் போகப் போகத் தரை ஏறும். கரையோரம் ஆளுக்கு மேல் தண்ணீர் நிற்கும்போது உள்வாய் ஓரத்தில் கெண்டைக்கால்தான் நனையும். இந்தச் சாய்வுக்குள் மீன் கூடுகிற இடங்கள் இவை.

மடைத்தூண்களைச் சுற்றியுள்ள பள்ளம் முதலிடம். தண்ணீர் வெளியேறும் இழுப்பில் அங்கே மண் நிற்காது, ஆழம் எப்போதும் கூடுதல். மடை திறந்திருந்தால் குட்டி மீன்களும் இழுப்பில் வரும், அவற்றுக்காக விரால் காத்துக் கிடக்கும்.

வண்டல் எடுத்த குழிகள் அடுத்தது. பொக்லைன் வெட்டிய குழி என்றால் பக்கச் சுவர் நேர்குத்தாக இருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த எட்டில் ஆள் மூழ்கும் ஆழம் வந்துவிடும். மீனுக்கு அது வீடு. கண்மாய்க்குள் இறங்கித் தூண்டில் போடக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

அல்லி, தாமரை இலைகளின் விளிம்பு விராலுக்கு. சம்புப் புதர் ஓரமும் அப்படியே. முழுக்க ஆகாயத்தாமரை மூடிய கண்மாய் என்றால் ஜிலேபிக்கான சாமானை வீட்டிலேயே வைத்துவிடலாம். இலைக்கூரைக்குக் கீழே ஆக்சிஜன் மிகக் குறைவு. மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த விரால், தேளி, பனையேறிதான் அங்கே தாக்குப்பிடிக்கும்.

கலுங்குப் பக்கம் போக வேண்டாம். மறுகால் பாயும்போது மீன் தப்பிவிடாமல் குத்தகைக்காரர் வலை கட்டியிருப்பார். கல்தளத்தில் பாசி வழுக்கும்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஒருநாள் முழுக்க ஒரே திசையில் அடித்தால் மிதக்கிற தீனியெல்லாம் எதிர்க்கரையில் சேரும், மீனும் அங்கே போகும். முகத்தில் காற்று அடிக்கிற கரையில் உட்காருவது எரிச்சல்தான், ஆனால் கடி அங்கேதான்.

கம்பும் கட்டும்

இரண்டு செட் போதும். மூன்றாவது செட் எடுத்துப் போகிறவர் நேரத்தில் பாதியைச் சிக்கெடுப்பதில் செலவிடுவார்.

ஜிலேபி, கெண்டைக்கு 10 முதல் 12 அடி கம்பு, ரீல் வேண்டாம். மெலிந்த மூங்கிலும் சரி, இழுத்து நீட்டும் ஃபைபர் கம்பும் சரி. தூண்டில் நரம்பு 0.25 மி.மீ., கம்பின் நீளத்துக்கு ஒரு முழம் குறைவாக. முள் 8 அல்லது 10-ஆம் எண். எண் கூடினால் முள் சிறிதாகும் என்பதைக் கடையில் நினைவில் வையுங்கள். ஜிலேபியின் வாய் சின்னது. 4-ஆம் எண் முள்ளைப் போட்டுவிட்டு "கடிக்குது, மாட்டமாட்டேங்குது" என்று புலம்புவதில் அர்த்தமில்லை. கண் உள்ள முள்ளாகக் கேட்டு வாங்குங்கள்; தட்டைத்தலை முள்ளுக்குச் சுற்றுக்கட்டு போட வேண்டும், பழகாத கைக்கு அது நழுவும்.

முடிச்சு இப்படி. நரம்பின் நுனியில் ஒரு சாண் மடக்கி இரட்டையாக்கி, அந்த வளையத்தை முள்ளின் கண் வழியே விடுங்கள். இரட்டை நரம்பாகவே சாதாரண முடிச்சு ஒன்று, இறுக்காமல். முள் இப்போது நடுவில் தொங்கும். வளையத்தை அகட்டி அதற்குள் முள் முழுவதையும் நுழைத்து எடுத்து, எச்சிலால் நனைத்து, இரண்டு நரம்பையும் சேர்த்து மெதுவாக இழுங்கள். நனைக்காமல் இழுத்தால் உராய்வுச் சூட்டில் நைலான் சுருண்டு வெளுக்கும்; பெரிய மீன் வந்தால் வெளுத்த இடத்தில்தான் அறும்.

தக்கைக்கு உதிர்ந்த மயிலிறகின் அடித்தண்டுக்கு ஈடு கிடையாது. 12 செ.மீ. துண்டு நறுக்கி, இரண்டு முனையிலும் ஒரு சொட்டு நகப்பூச்சு, தண்ணீர் ஏறாது. மேல்முனை 3 செ.மீ.க்குச் சிவப்பு அடியுங்கள். பழைய சைக்கிள் வால்வு டியூபில் இரண்டு வளையம் வெட்டி, தண்டின் மேலும் கீழும் மாட்டி, நரம்பை அதற்குள் ஓட்டினால் ஆழத்தை ஏற்றி இறக்கலாம். ஈயம் போடும் அளவைக் கண்மாய்க் கரையில் பார்க்காதீர்கள், வீட்டு வாளியில் பாருங்கள். முள்ளுக்கு ஒரு சாண் மேலே சின்ன ஈயக்குண்டு ஒன்று, அதற்குச் சற்று மேலே இன்னொன்று. தக்கை செங்குத்தாக நின்று சிவப்பு மட்டும் வெளியே தெரிந்தால் சரி. பாதித் தக்கை வெளியே நின்றால் ஜிலேபி இழுக்கும்போதே எடை உறுத்தி இரையைத் துப்பிவிடும்.

விராலுக்கு ஆறரை, ஏழு அடி விறைப்பான ராடு, 3000 அளவு ரீல், 30 அல்லது 40 பவுண்டு பின்னல் நரம்பு. அல்லித்தண்டுக்குள் புகுந்த விராலைச் சாதா நைலானால் வெளியே இழுக்க முடியாது. நைலான் நீளும், அதற்குள் மீன் தண்டைச் சுற்றிவிடும். இரைக்கு 5, 6 செ.மீ. ரப்பர் தவளை. உயிர்த்தவளை வேண்டாம்; பெரிய தவளை இனங்களுக்கு வனஉயிரினச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இலைமேல் தவளையை விழவைத்து, ஓரத்துக்கு இழுத்து, ஒரு மூச்சு நிறுத்தி, மறுபடி இழுங்கள். தண்ணீர் வெடித்ததும் கை தானாக வெட்டும், அதாவது கம்பைச் சட்டென்று இழுக்கும், அதை அடக்க வேண்டும். ஒன்று, இரண்டு எண்ணி, நரம்பு கனத்தபிறகு வெட்டினால்தான் ரப்பரை அமுக்கி முள் ஏறும்.

தண்ணீரின் மேல் செம்மஞ்சளாக விரால் குஞ்சுக்கூட்டம் கொதிப்பதுபோல் தெரிந்தால் அங்கே எறிய வேண்டாம். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும், எதைப் போட்டாலும் பாயும். பிடிப்பது சுலபம். அதைப் பிடித்த அரைமணி நேரத்தில் குஞ்சுகளை மற்ற மீன் தின்று தீர்த்துவிடும்.

இரை

முதல்நாள் இரவே பிசைந்து வையுங்கள். மைதா 100 கிராம், சலித்த கடலைப்புண்ணாக்குத் தூள் 50 கிராம், தவிடு இரண்டு தேக்கரண்டி. வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாகப் பிசையுங்கள். பிசையும்போதே ஒரு சிட்டிகைப் பஞ்சை இழை இழையாகப் பிரித்துச் சேர்க்க வேண்டும்; மாவு முள்ளில் நிற்பது அந்த இழையால்தான். பிறகு ஒரு சோதனை. பட்டாணி அளவு உருண்டையை முள்ளில் குத்தி டம்ளர்த் தண்ணீரில் தொங்கவிடுங்கள். இரண்டு நிமிடத்தில் கரைந்தால் மைதா போதவில்லை. கால்மணி நேரம் கழித்தும் ரப்பராக இருந்தால் தவிடு சேருங்கள். ஐந்தாறு நிமிடத்தில் மேல்பக்கம் மட்டும் பொருபொருத்து மணம் கரைய வேண்டும், அதுதான் பதம்.

மண்புழு கெளுத்திக்கும் ஆரலுக்கும். ஜிலேபியும் எடுக்கும். ஆனால் கெண்டைப்பொடி அதிகமுள்ள கண்மாயில் புழுவைக் குட்டிகள் கொத்திக் கொத்தியே காலி செய்துவிடும். அங்கே மாவை இன்னும் இறுக்கி, உருண்டையைப் பெரிதாக்குவதே வழி.

தூவுவதற்குத் தனி: தவிடு ஒரு கிலோ, புண்ணாக்குத் தூள் கால் கிலோ, கண்மாய் மண்ணோடு சேர்த்து எலுமிச்சை அளவு உருண்டைகள். தக்கை நிற்கும் இடத்தில் முதலில் மூன்று, பிறகு அரைமணிக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் மீன் தரையில் மேய்ந்து வயிறு நிறைந்துவிடும், முள்ளில் இருப்பதைத் திரும்பிப் பார்க்காது.

அந்த நாள்

மார்ச்சில் மதுரைப் பக்கம் சூரியன் ஆறேகால், ஆறரை வாக்கில் எழும். ஐந்தே முக்காலுக்குக் கரையில் இருங்கள். கரையில் ஏறியதும் கம்பை விரிக்காமல் ஐந்து நிமிடம் தண்ணீரைப் பாருங்கள். மீன் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தால் அது பசியல்ல, மூச்சுமுட்டல். இரவு முழுக்கப் பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுவிட்டது. வெயில் ஏறி ஒரு மணி நேரம் போகும்வரை எதுவும் கடிக்காது, டீ குடித்துவிட்டு வரலாம். தண்ணீர் பச்சைக் குழம்பாகி நாறினால், சாக்கடை கலந்தால், வேறு கண்மாய்க்குப் போங்கள்.

ஆழம் பார்ப்பதை நிறையப் பேர் தவிர்க்கிறார்கள், அது பாதி மீனை இழப்பது. முள்ளில் ஒரு பெரிய நட்டைக் கட்டி இறக்குங்கள். தக்கை மூழ்கினால் ஆழம் இன்னும் கூடுதல், தக்கையை மேலே ஏற்றுங்கள். படுத்துவிட்டால் ஆழம் குறைவு, கீழே இறக்குங்கள். நட்டு தரையில் உட்கார்ந்து சிவப்பு மட்டும் நின்றால் அதுதான் தரை. அங்கிருந்து நாலு விரல் உயரத்தில் முள் தொங்குமாறு வைத்து ஜிலேபிக்குத் தொடங்கலாம். பத்து அடி இடப்புறமும் வலப்புறமும் அளந்து, எங்கே திடீரென இறங்குகிறது என்று பாருங்கள். அந்த விளிம்பில்தான் தக்கை நிற்க வேண்டும்.

கடியைப் படிக்கலாம். டிக் டிக் என்று இரண்டு தட்டு, பிறகு தக்கை பக்கவாட்டில் நகர்ந்தால் ஜிலேபி. நகரும்போது வெட்டுங்கள், தட்டும்போது வேண்டாம். நேராகக் கீழே போனால் கெளுத்தி. தக்கை தாழாமல் எழும்பிப் படுத்தால் கெண்டை. தரையிலிருந்து இரையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டது, ஈயத்தின் எடையை அது தாங்குகிறது, உடனே வெட்ட வேண்டும். மூன்றும் இல்லாமல் தக்கை சும்மா நடுங்கினால் குட்டிகள்.

கெளுத்தியைக் கழற்றும்போது இரண்டு பக்க முள்ளையும் முதுகு முள்ளையும் விரலிடுக்கில் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது ஈரத்துணி, கொறடு. தேளி குத்தினால் வலி தோள்வரை ஏறும். குத்திய கையைத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி அடங்கும். பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவது டீக்கு மட்டுமல்ல. வீக்கம் பெருகினால் மருத்துவமனை.

கருவேல முள் ரப்பர்ச் செருப்பைத் துளைத்து ஏறும், தடித்த அடியுள்ள ஷூ போடுங்கள். வண்டிக்குப் பஞ்சர் சாமான் கட்டாயம். கரைக்கு மேலே மின்கம்பி போகிற இடத்தில் நீளக் கம்பைத் தூக்கக் கூடாது. கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். கோடை இடி கேட்டாலும் அதே காரணத்தால் கம்பைக் கீழே வைத்துவிட்டு ஊருக்குள் போய்விடுங்கள். தண்ணீரில் தலை தூக்கி நீந்துவது பெரும்பாலும் விஷமில்லாத தண்ணீர்ப்பாம்பு. இருட்டியபின் கரைமேட்டுப் புல்லில் படுத்திருப்பது கண்ணாடிவிரியனாக இருக்கலாம், டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள்.

ஒன்பதரைக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும்போது கடியும் நின்றுவிடும். மாலை நாலரைக்கு மறுபடி தொடங்கும். நடுவில் உட்கார்ந்திருப்பது பிடிவாதம்.

வீடு சேரும்வரை

மீன் ஒரு கிலோ என்றால் ஐஸ் ஒரு கிலோ, நம் வெயிலுக்கு அதற்குக் குறைந்து ஆகாது. குடல், செவுளைக் கரையிலேயே எடுத்து மண்ணில் புதைத்துவிட்டு தெர்மகோல் பெட்டியில் ஐஸும் மீனும் மாற்றி மாற்றி அடுக்குங்கள். விராலுக்கு ஐஸ் தேவையில்லை, ஈரச்சாக்கில் சுற்றினால் வீடுவரை உயிரோடு வரும். உயிரோடு வருகிறதே என்று வழியில் வேறு குளத்தில் ஜிலேபியையோ கெளுத்தியையோ விடாதீர்கள். மொசாம்பிக் ஜிலேபி 1952-இல் நாட்டுக்குள் வந்தது. இன்று அது இல்லாத கண்மாயைத் தேட வேண்டியிருக்கிறது.

விராலின் வழுவழுப்புக்குச் சாம்பலும் கல்லுப்பும் போட்டு உரசுங்கள். மண்வாடை நீலப்பச்சைப் பாசியிலிருந்து மீனின் உடலில் ஏறுவது, கழுவினால் மட்டும் போகாது. வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வை உரித்து, புளித்தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவைத்தால் பெருமளவு அடங்கும்.

கம்பைத் துடைத்து வைக்கும்முன் நரம்பின் கடைசி ஒரு மீட்டரை நறுக்கிவிடுங்கள். கல்லிலும் முள்ளிலும் உரசியது அந்த ஒரு மீட்டர்தான். நறுக்கிய துண்டு வீட்டுக் குப்பைக்கு, கரையில் விட்டால் கொக்கின் காலில் சுற்றும். நோட்டில் தேதி, காற்றுத் திசை, கடித்த நேரம், எந்த இரை என்று எழுதும்போது மடைத்தூணில் எத்தனை கல் வெளியே தெரிந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த பருவத்தில் ஊருக்குப் போன் போட்டு "மடையில எத்தனை கல்லு தெரியுதுண்ணே?" என்று கேட்டால், கிளம்பலாமா வேண்டாமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.